முதல் வண்டி

"உங்க பொண்டாட்டி பிள்ளைங்க முதல்ல போகட்டும் ராஜா. அப்புறம் எங்களைக் கூப்பிடுங்க!"

வல்தா இப்படிக் கத்தியதும் ரைன் நதிக்கரையில் நின்ற வாண்டல் இனக் கூட்டம் மொத்தமும் கப்சிப். அரசன் ஹில்தமாரை இப்படி நேருக்கு நேர் கேட்கிற தைரியம் அவளுக்குத்தான் உண்டு. எதிரி இனமான பிராங்குகளோடு நடந்த சண்டையில் கணவனைப் பறிகொடுத்தவள். இடுப்பில் கைக்குழந்தை வேறு.

எதிரே ஆறு உறைந்து கிடந்தது. பின்னால் காட்டுக்குள் பிராங்குகள் துரத்தி வந்துகொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அக்கரை சேராவிட்டால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். ஆனால் முந்தின நாள் ஓர் எருது கால் வைத்த இடத்தில் பனிக்கட்டி விரிசல் விட்டதை எல்லோருமே பார்த்திருந்தார்கள். வண்டியை இறக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

"வழி காட்டுறவன் குடும்பம்தான் முதல்ல போகணும். நம்ம வழக்கம் அதுதானே? நான் சொல்றது தப்பா?" என்றாள் வல்தா.

ஆண்கள் ஈட்டியால் கேடயத்தைத் தட்டினார்கள். ஆமாம் என்று அர்த்தம். அதற்கு மேல் அரசனும் பேச முடியாது.

ஹில்தமார் சிரித்தான். "இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்? காலையிலேயே அவங்களை வண்டியில ஏத்தியாச்சு."

தோல் திரை இறுகக் கட்டிய அரசியின் வண்டி முன்னால் வந்தது. அந்தத் திரையைப் பெண்கள்தான் தொடலாம். கட்டிய கணவனே ஆனாலும் ஜனங்கள் முன்னால் வெளியில் நின்றுதான் பேச வேண்டும்.

"தியோதா, பயப்படாதே. பிள்ளைங்களைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

பதில் இல்லை.

"ராணியம்மா கோபமா இருக்காங்க போல," என்றான் ஒருவன்.

"பின்னே, கொஞ்சுவாங்களா?" என்றாள் வல்தா. அந்தக் குளிரிலும் சிரிப்பு எழுந்தது.

ஹில்தமார் அரசியின் தம்பி பக்கம் திரும்பினான். "ரானோ, நீ உப்பு வண்டியைக் கடைசியா ஓட்டிட்டு வா. எல்லாரும் போய்ச் சேர்ந்து, பனி தாங்குதுன்னு நிச்சயமாத் தெரிஞ்ச அப்புறம் வந்தாப் போதும்."

"சரி மச்சான்."

"கேட்டீங்களா கூத்தை! பொண்டாட்டியை முன்னாடி விட்டுட்டு உப்பைப் பத்திரப்படுத்துறாரு மகராசன்!" என்றாள் வல்தா.

இந்த முறை ஹில்தமார் சிரிக்கவில்லை. எருதுகளின் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினான். காலடியில் பனிக்கட்டி முனகியது. கரையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. நடு ஆற்றில் ஒருமுறை சக்கரம் வழுக்கியபோது வல்தா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் வண்டி அக்கரை ஏறியிருந்தது.

அப்புறம் என்ன, ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் இறங்கின. நேரம் ஆக ஆக, சக்கரம் போன தடத்தில் தண்ணீர் கசியத் தொடங்கியது. ஆனாலும் எல்லோரும் கரையேறிவிட்டார்கள். வல்தா அழுதுகொண்டே அரசன் முன்னால் வந்து நின்றாள்.

"என் வாய்ல புழு வைக்க! உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. பெத்த பிள்ளையை முன்னால விடுற ராஜா யாருக்குக் கிடைப்பான்?"

அவன் காதில் அது விழவே இல்லை. அவன் பார்வை ஆற்றிலேயே இருந்தது. உப்பு வண்டி பாதித் தூரம் வந்திருந்தது.

படாரென்று ஒரு சத்தம். பனிக்கட்டி பிளந்தது. எருதுகளோடு வண்டி அப்படியே உள்ளே போயிற்று. ரானோ மட்டும் பனிக்கட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"ரானோ பிழைச்சுட்டான்!"

"அது போதும். போனது உப்புதானே, விடுங்க!"

ஹில்தமார் ஒரு மாதிரி அலறினான். மேலங்கியை வீசியெறிந்துவிட்டு, விரிசல் விட்ட ஆற்றில் பைத்தியம் பிடித்தவன்போல ஓடினான்.

"ஐயோ ராஜா! உப்புக்காகவா உயிரை விடுறீங்க?" வல்தா பதறிப்போய் அரசியின் வண்டிக்கு ஓடினாள். "அம்மா, சீக்கிரம் இறங்கி வாங்க! உங்க புருஷனைத் தடுங்க!"

திரையைப் பிய்த்து எறிந்தாள். வண்டி நிறைய வெறும் பாறாங்கற்கள்.

ஆற்றின் நடுவிலிருந்து அரசனின் குரல் கிழிந்து வந்தது.

"தியோதா! பிள்ளைங்களை மேலே தூக்கிப் பிடி! இதோ வந்துட்டேன்!"