அதிராத பெட்டி

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க பெரியவரே. பழசுக்கு வீல் ரப்பர் மாத்தி, அடியில ஸ்பிரிங் வச்சுக் குடுக்கவா, இல்ல புதுசையே வச்சிட்டுப் போவட்டா?"

வேலூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் ராஜேஷ் குனிந்து, வயரைப் பார்த்தபடி இதைச் சொன்னான்.

"என் மூஞ்சியப் பார்த்துப் பேசுபா," என்றார் துரைக்கண்ணு. "தரையப் பார்த்துப் பேசறவன் எவனும் யோக்கியன் இல்ல."

ராஜேஷ் நிமிர்ந்து மறுபடியும் சொன்னான். துரைக்கண்ணு அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரணியில் அவரிடம் எதையாவது விற்க வந்தவன் எவனும் ஒரே தடவை சொல்லிவிட்டுப் போனதில்லை. சந்தேகப் பிராணி என்று பேர். அந்தப் பேர் அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது.

பெஞ்சின் மேல் இரண்டு ரெக்கார்ட் பிளேயர்கள்.

பழசு ஜெர்மன்காரன் செய்தது. ஆட்டுக்கல் கனம். மைக் செட் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போன ஒரு பட்டுக்கடை முதலாளி அவர் கையில் தூக்கிக் கொடுத்தது. படவேடு ஆடித் திருவிழா முழுக்கக் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று பாட்டுப் போட்ட மனுஷர். நல்ல பொருள் எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

புதுசு, பெங்களூரிலிருந்து மகன் சந்தோஷ் அனுப்பியது. மெலிசு, பளபளப்பு. பழசைத் திருத்த முடியாவிட்டால் புதுசை வைத்துவிட்டு, பழசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடச் சொல்லி ராஜேஷுக்கு உத்தரவு.

"பழசுல இன்னா கோளாறு கண்டுட்ட?"

"பக்கத்து வூட்டுல தறி அடிக்கிறதுகூட முள்ளுல ஏறுது பெரியவரே. ஸ்பீக்கரையும் இதே பெஞ்சுல வச்சிருக்கீங்க. பாட்டு மரத்துல எறங்கித் திரும்பப் பொட்டிக்கே வருது. புதுசுல இந்தப் பேஜாரே கெடையாது. பக்கத்துல இடி வுழுந்தாலும் அதிராது."

ஸ்பீக்கர் வயரைப் பழசிலிருந்து பிடுங்கிப் புதுசில் மாட்டினான். ரெக்கார்டைப் போட்டான். போட்டுவிட்டு அவனே கண்ணை மூடிக்கொண்டான்.

துரைக்கண்ணு உள்ளங்கையைப் புதுசின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"பொணம் மாதிரி கெடக்குது."

"அதாங்க இதோட அருமையே!"

பழசு போய்விட்டால் இந்த வீட்டில் தனக்குப் பாட்டு என்று ஒன்று இருக்காது. அதற்கு அடியில் ஸ்பிரிங் வைத்தாலும் அதே கதிதான். இதை இவனிடம் எப்படிச் சொல்வது? மகனிடம் சொன்னாலோ, அடுத்த பஸ்ஸிலேயே பெங்களூருக்குக் கிளப்பிவிடுவான்.

"ரெண்டும் வேணாம். பழசு பழசாவே கெடக்கட்டும். நீ புதுசை எடுத்துகினு ஜல்தியா கெளம்பு."

"உங்க பையன் கேட்டா இன்னா சொல்றது?"

"அப்பன் புத்தி கெட்டவன்னு சொல்லு. அவனுக்குத் தெரிஞ்ச சேதிதான்."

ராஜேஷ் புதுசை அட்டைப்பெட்டிக்குள் அடக்கித் தூக்கிக்கொண்டான். வாசற்படியில் நின்றிருந்த மகள் ஹேமலதாவிடம் ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். துரைக்கண்ணுவுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறவன் நல்லதா பேசியிருக்கப் போகிறான்?

ஆள் போனதும் ரெக்கார்டைப் பழசில் வைத்து முள்ளை இறக்கினார். தட்டு சுற்றியது. உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்தார்.

வந்தது. திம், திம் என்று கைக்குள் ஏறியது.

தாளம் மட்டும் கொஞ்சம் மெதுவாக இருப்பதாகப் பட்டது. அந்தப் பயல் எதையாவது திருகியிருப்பான். போகட்டும். தலையை ஆட்டிக்கொண்டார்.

"கேட்டியா ஹேமா? தவுலு எப்படிப் பேசுது பாரு. இதைப் போயி தூக்கிக் குடுன்றான் உன் தம்பி."

ஹேமலதா பெஞ்சுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜேஷ் பிடுங்கிய ஸ்பீக்கர் வயர் திரும்ப மாட்டப்படாமல் அங்கே சுருண்டு கிடந்தது. வீட்டில் பாட்டு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையின் தறிதான் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் பெஞ்சைச் சுற்றி வந்து அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவர் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"நல்லாப் பாடுதுப்பா."

வாயை நன்றாகத் திறந்து, உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்துச் சொன்னாள். ஒரு எழுத்துகூடச் சிந்தவில்லை.

இந்தப் பெண் எப்போதிருந்து இப்படிப் பேசுகிறது என்று துரைக்கண்ணு யோசித்துப் பார்த்தார். அவளுடைய மகன் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, எதைச் சொல்வதென்றாலும் எதிரே வந்து உட்கார்ந்து இப்படித்தான் சொல்வாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.