வேப்பிலை வாசல்

வாசலில் வேப்பிலை தொங்கியது. ஆனால் சன்னலுக்குள் தெரிந்த மதினி உலகம்மாள் முகத்தில் ஒரு அம்மைக் கொப்புளம்கூட இல்லை.

முத்துவடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்தால் அவள் மகள் இராமலட்சுமிக்கு வளைகாப்பு. முதல் வளையல் போட வேண்டியவள் தாய்மாமன் பெண்டாட்டியான இந்த மதினிதான். அம்மை போட்டிருக்கு, வர முடியாது என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டாள். சந்தேகப்பட்டுத்தான் முத்துவடிவு தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

இராமலட்சுமியைத் தன் மகனுக்குக் கேட்டாள் மதினி. கொடுக்கவில்லை. அந்த வன்மம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. அதுக்காக அம்மன் பேரைச் சொல்லியா ஒருத்தி பொய் சொல்லுவாள்?

சாரல் பூப்பூவாய் விழுந்தது. மலை பாதி மேகத்துக்குள் போயிருந்தது. அருவிச் சத்தம் தூக்கத்தில் கேட்கிற மாதிரி எங்கோ கேட்டது. ஐம்பத்தேழாம் வருசத்துச் சீசன். தெருவில் ஈரத்துண்டும் இருமலுமாக, நிழல் நிழலாய்க் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

முத்துவடிவு படியேறப் போனாள்.

"அங்கனயே நில்லு, வடிவு. கிட்ட வராத."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். கண் சிவந்து, பாதி மயக்கத்தில் சன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள் உலகம்மாள்.

"அம்மை எங்க, மதினி? முகம் துடைச்சு வச்ச மாதிரில்லா இருக்கு."

"அம்மை இல்லே. ஃப்ளூ காய்ச்சல்."

மாடியில் வாடகைக்கு இருந்த மெட்ராஸ்காரர்கள் கொண்டுவந்ததாம். அங்கே கப்பலில் வந்து இறங்கி, ரயிலேறி, சீசன் கூட்டத்தோடு கூட்டமாய் இங்கேயும் வந்துவிட்டதாம்.

முத்துவடிவுக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு காய்ச்சலுக்கா இத்தனை நாடகம்? போன வருசமே எங்க வீட்டில் எல்லாருக்கும் வந்து போயாச்சு, இனி அண்டாது என்றாள்.

"அது வேற, இது வேற. காய்ச்சல் புது உருவம் எடுத்து வந்திருக்காம். போன வருசம் வந்த உடம்புக்கும் இதை அடையாளம் தெரியாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. பிள்ளத்தாச்சிக்கு வந்தா ரெண்டு உசிருக்கும் ஆபத்தாம்."

"அதை நேரே சொல்லியிருக்கலாம்லா?"

"காய்ச்சல்னு சொன்னா நீ கேப்பியா? கசாயத்தோட வந்து என் தலைமாட்டுல உக்காந்துருப்ப. அப்புறம் போயி அவளைத் தொடுவ. வேப்பிலைக்குத்தான் நம்ம சனம் எட்ட நிக்கும். இராமலட்சுமி நான் தூக்கி வளத்த பிள்ள, வடிவு."

சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு உலகம்மாள் இருமினாள். முத்துவடிவு வெட்கத்தோடு திரும்பி நடந்தாள். தெருவுக்கு வந்தால் ஒவ்வொரு இருமலும் இப்போது காதுக்குள் கேட்டது. நாளைக்குச் செங்கோட்டையிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாய்ச் சொந்தம் வரும். அத்தனை பேரும் இராமலட்சுமி கன்னத்தில் சந்தனம் பூசி, திருஷ்டி கழித்து, முத்தம் கொடுப்பார்கள். அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாய்ப் போனாள்.

மறுநாள் காலை, தாம்பாளமும் வளையலுமாக வந்த ஆலங்குளத்துச் சொந்தக்காரர்கள் நடையேறாமல் தெருவிலேயே நின்றுவிட்டார்கள்.

"பந்திச் செலவுக்குப் பயந்து பொய் சொல்லுதா பாரு" என்று ஒருத்தி முணுமுணுத்தது உள்ளே கேட்டது.

முத்துவடிவு கோபப்படவில்லை. "ஆத்தா, உன் பேரைச் சொல்லிட்டேன், கோவிச்சுக்கிடாத" என்று வாசலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அங்கே, சாரல் காற்றில், வேப்பிலை ஆடிக்கொண்டிருந்தது.