ஆடியில் ஒரு போர்டு

"லோகு, ஜி.எஸ்.டி. ஆபீசர் வந்துகீறாரு. கடையில போர்டு எங்கன்னு கேக்கறாரு. நீ இன்னாடான்னா பள்ளிப்பட்டுல கூழு குடிச்சுக்கினு கீற!"

போனில் சத்தம் போட்டது திலகவதி. கும்மிடிப்பூண்டியில் லோகு வாடகைக்குப் பிடித்திருக்கும் கடையின் சொந்தக்காரம்மா.

மாமியார் வீட்டுக் கூழை அப்படியே வைத்துவிட்டு லோகு எழுந்துவிட்டான்.

ஜி.எஸ்.டி. நம்பர் கொடுக்கும் முன் கடையைப் பார்க்க ஆபீசர் எந்த நாளும் வரலாம், போர்டு தொங்க வேண்டும் என்று ஆடிட்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் ஆடி மாதத்தில் யாராவது புதுக் கடைக்குப் போர்டு மாட்டுவார்களா? மனைவி சுமலதா கூடவே கூடாது என்றுவிட்டாள். அவனுக்கும் துணிச்சல் இல்லை. ஆவணி பிறக்கட்டும் என்று போர்டைப் பெயிண்டரிடமே விட்டுவைத்தான். அரசாங்கத்துக்கு ஆடி ஏது, ஆவணி ஏது?

நம்பர் வராவிட்டால் பிழைப்பே இல்லை. மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்தான் அவன் வியாபாரம். இந்த மாதத்துக்குள் நம்பரோடு வந்தால் ஆர்டர் உனக்கு, இல்லாவிட்டால் பழையபடி ஹபிபுல்லா பாய்க்கே என்று சிப்காட் கம்பெனி சொல்லிவிட்டது.

ஹபிபுல்லா பாய் பழவேற்காட்டுக்காரர். லோகு கடை இருக்கும் தெருவிலேயே அதே வியாபாரம். லோகு தொழில் கற்றது அவரிடம்தான். தனியாகக் கடை போடப்போகிறேன் என்று சொன்ன அன்று "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார் மனிதர்.

திலகவதி விடவில்லை. "ஷட்டரைத் தொறந்து சரக்கெல்லாம் காட்னேன். போர்டு இல்லாம ஒத்துக்க மாட்டேன்றாரு. அதுக்குள்ள பாய் வந்து ஆபீசரைத் தள்ளிக்கினு போய், டீக்கடையில உக்கார வெச்சு இன்னாவோ ஓதிக்கினு கீறாரு. எனக்கு ஒண்ணும் நல்லாப் படலப்பா. நான் மாடிக்கு வந்துட்டேன்."

திருவள்ளூரில் பஸ் மாறி கும்மிடிப்பூண்டி வந்து சேர்ந்தான் லோகு. தன் கடைப் பக்கம்கூடத் திரும்பாமல் நேராகப் பாய் கடைக்குள் நுழைந்தான்.

"இத்தினி வருசம் உங்களுக்கு ஒழைச்சேனே பாய். நான் ஒரு நம்பர் வாங்கறது உங்களுக்குப் பொறுக்கலியா?"

மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். லோகு நிறுத்தவில்லை. ஆபீசருக்கு டீ வாங்கிக் கொடுத்தது, காதில் ஓதியது என்று வரிசையாகக் கொட்டித் தீர்த்தான்.

 பாய் மண்ணெண்ணெயில் நனைத்த வேஸ்ட்டால் தன் வெள்ளைச் சட்டையின் தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தோளெல்லாம் சிவப்புப் பெயிண்ட்.

"நல்ல பெயிண்டரைப் புடிச்ச போ. காயவே இல்ல" என்றார். "ஆபீசர் கெளம்பிடுவார்னு தான் டீக்கடையில உக்கார வெச்சேன். நானே பெயிண்டர் கிட்ட ஓடிப் போய் போர்டைத் தூக்கியாந்தேன். போட்டோ எடுத்துட்டாரு. நம்பர் வந்துரும், போ."

லோகுவுக்கு வெட்கத்தில் உடம்பே கூசிப்போனது. இந்த மனிதரையா அப்படிப் பேசினோம்? மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"ஆடியில மாட்டிட்டீங்களா பாய்?"

"மாட்டுவனா? உங்க ஊட்ல ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? அவர் போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் உன் கடை வாசல்ல தோள்ல தூக்கி வெச்சுக்கினு நின்னேன். அப்பறம் பெயிண்டர் கிட்டயே கொண்டுபோய் வெச்சுட்டேன். ஆவணி பொறந்ததும் நல்ல நேரம் பாத்து நீ மாட்டு."