ஒரு தடவைகூட அடிக்காத அலாரம்

மீட்டிங் நடுவில் சுகுமாறன் மறுபடியும் தூங்கிவிட்டார்.

கையிலிருந்த பேனா காகிதத்தில் கோணலாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போய் நின்றது.

"பார்த்தியா? மூணு வாரமா இதே கதை. மேனேஜருக்கு ஆபீஸ்லதான் தூக்கம் வருது லா," என்று யுகேந்திரன் கிசுகிசுத்தான்.

ஆரிஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் கொடுத்துவிட்டு, கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் வருகிறவள் அவள். அவளே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் பதிவு செய்து தரும் சின்னக் கம்பெனி அது. இரண்டே இரண்டு சர்வர். அவற்றுக்குள் மென்பொருளாலேயே பிரித்துவைத்த நாற்பத்திரண்டு கணினிகள். கையால் தொட முடியாத அவற்றை எல்லாரும் 'வி.எம்.' என்பார்கள். எது திணறுகிறது, எதற்கு மெமரி நிறைகிறது, எது சும்மா படுத்துக் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு கருவி வாங்க வேண்டும். மூன்றைச் சோதனைக்குப் போட்டிருந்தார்கள். எதை வாங்கலாம் என்று ரிப்போர்ட் எழுதும் பொறுப்பு ஆரிஃபாவுக்கு.

"முதல் கருவி பார்க்க அழகு," என்றாள் அவள். "ஆனா ஒவ்வொரு வி.எம்.லயும் அதுவே ஏறி உட்கார்ந்து மெமரியைத் தின்னுது. ரெண்டாவது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்காதான் எட்டிப் பார்க்குது. நடுவுல ஒண்ணு விழுந்து எழுந்தா அதுக்குத் தெரியாது."

"மூணாவது?" சுகுமாறன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பத்து செகண்டுக்கு ஒருக்கா அளக்குது. கோளாறுன்னா டியூட்டி ஆளோட போன்ல அலாரம் அடிக்கணும். ராத்திரி டியூட்டி ஆள் நான்தான் பாஸ். பிரசவ லீவு முடிஞ்சு வந்து மூணு வாரம் ஆச்சு. ஒரு தடவைகூட அடிக்கல."

"கோளாறே வரலையோ என்னவோ."

"பேக்கப் ஓடுறப்ப கிளினிக் மெஷின்ல மெமரி நிறையும் பாஸ். லீவுக்கு முன்னால வாரத்துல நாலு ராத்திரி எழுந்திருக்கேன். அது எப்படித் தானா சரியாகும்?"

சுகுமாறன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "இருக்கட்டும்மா. இன்னும் ரெண்டு மாசம் அதையே ஓட்டிப் பார்ப்போம்."

வெளியே வந்ததும் யுகேந்திரன் சொன்னான்: "கருவி விக்கிறவன்கூட பாஸ் தே தாரிக் குடிக்கிறதை நானே பார்த்தேன். கமிஷன் லா, வேற என்ன?"

சாயங்கால ரயிலில் ஆரிஃபாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே மழை. கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்குள் விளக்குகள் கரைந்து கரைந்து போயின. பாதித் தூக்கத்தில் நாற்பத்திரண்டு பச்சைக் கோடுகள் மெல்ல ஏறி இறங்கின. அப்புறம் அவை கோடுகளாக இல்லை. பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதுபோல இருந்தது. எங்கோ தூரத்தில் போன் அடித்தது. திடுக்கிட்டு எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

வீட்டிலும் தினமும் இதே மயக்கம்தான். பால் கொடுத்துவிட்டுக் கண்ணயர்வாள். விடிகாலையில் பதறி எழுந்து, "போன் அடிச்சுச்சா?" என்று கணவன் ஹாசிமைக் கேட்பாள்.

"இல்லையே. கனவு கண்டிருப்பே. படு."

அவளும் படுத்துக்கொள்வாள். இதமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த அமைதியை நம்ப முடியவில்லை.

மறுநாள் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தாள். 'மூன்றாவது கருவி செவிடு. வாங்கத் தகுதியில்லை' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரியும் சேர்த்தாள்: 'அதற்காக சுகுமாறன் காட்டும் அக்கறைக்கு என்ன காரணம் என்று நிர்வாகம் விசாரிக்க வேண்டும்.'

ஆதாரத்துக்கு அலாரப் பதிவின் காலிப் பக்கத்தைப் படமெடுத்து ஒட்டினால் போதும். அந்தப் பக்கத்தை இதுவரை அவள் திறந்ததில்லை. அடிக்காத அலாரத்துக்குப் பதிவு எங்கே இருக்கப் போகிறது?

திறந்தாள்.

பக்கம் காலியாக இல்லை.

மூன்று வாரத்தில் பத்தொன்பது அலாரம். அதிகாலை இரண்டு பத்து. மூன்று இருபத்தைந்து. மறுபடி இரண்டு பத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே, சில நிமிடங்களிலேயே சரிசெய்யப்பட்டது என்ற குறிப்பு. கருவி செவிடு இல்லை. பத்தொன்பது தடவையும் அது சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறது. ஆனால் கூப்பிட்ட எண் ஆரிஃபாவுடையது இல்லை.

சுகுமாறனுடையது.

அவளுக்கு முகம் சூடேறியது. பிள்ளை பெற்றவள், இனி இவளை நம்ப முடியாது என்று முடிவு கட்டிவிட்டாரா? ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டாரா?

இதையும் ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டும் என்று, எண் மாற்றிய விவரத்தை அழுத்தினாள். அவள் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் தேதி. எண்ணை மாற்றினால் அந்தக் கருவி காரணம் கேட்கும், எழுதாமல் விடாது. கேட்ட இடத்தில் சுகுமாறன் தமிழிலேயே ஒரு வரி தட்டியிருந்தார்:

'கைப்பிள்ளைக்காரி. கொஞ்ச நாள் தூங்கட்டும்.'