கறுப்பு வெள்ளைப் பேய்

கல்லறையிலிருந்து எழுந்து வந்த வெள்ளைக்காரத் துரைக்கு உஷாராணி பயப்படவில்லை. கோட்டைக்குள் மெழுகுவத்தியோடு அலைந்த கவுன்காரிக்கும் பயப்படவில்லை. படம் முடிந்ததும் எழுந்து போய்த் துணி மடித்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது படம்.

மத்தியான நேரம். ஜன்னலையெல்லாம் சாத்தி, நாமக்கல் வெயிலை வெளியே நிறுத்தியிருந்தேன். நான் டிவியைப் பார்க்கவில்லை. என் மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் வந்த பக்கவாதம் அவள் வலது கையையும் பேச்சையும் பறித்துக்கொண்டது. கை திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும்; பதில் சொல்ல வாய் திறந்தால் காற்றுதான் வரும்.

பேச்சுப் பயிற்சிக்குச் சேலம் போய் வருகிறோம். பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். எனக்குத்தான் பொறுமை இல்லை. திடுக்கென்று பயந்து கத்தினால், அந்தக் கத்தலோடு பேச்சும் வந்துவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

செல்போன் கடை நதீம்தான் பென் டிரைவ் கொடுத்தான்.

"ஹாலிவுட் ஸ்டூடியோக்காரங்க அந்தக் காலத்துல எடுத்ததுங்ணா. ரத்தம் கெடையாது, வெட்டுக்குத்து கெடையாது. பேயே மெதுவாத்தான் நடந்து வரும். அக்காவுக்கு பிரஷர் ஏறாது."

"மெதுவா வந்தா எப்படிடா பயப்படுவா?"

"அதுவும் தெனம் உங்க மூஞ்சியப் பாத்துப் பழகுனவங்க. கஷ்டந்தானுங்ணா."

படத்தில் மழை கொட்டியது. காட்டுக்குள் ஒற்றை வீடு. முகமெல்லாம் துணி சுற்றிய நெட்டை உருவம் ஒன்று, சேற்றில் காலை இழுத்து இழுத்து வந்தது. அதற்குப் பேச்சு இல்லை. உறுமல் மட்டும்.

வீட்டுக்குள் இருந்தவர்கள் மேசையைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

தட். தட். தட்.

நானே காலைத் தூக்கிச் சோபா மேல் வைத்துக்கொண்டேன். உஷாராணியின் உதடு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

கத்து தாயி, கத்திவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

கதவு பிளந்தது. மழை சொட்டச் சொட்ட உருவம் வாசலில் நின்றது.

உஷாராணி சோபாவிலிருந்து எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வா... வாங்க" என்றாள் அதனிடம். "உக்காருங்க."

கரகரத்த குரல். ஆனாலும் அவள் குரல்.

இத்தனை மாதமாக வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் உள்ளறைக்கு ஓடி ஒளிந்துகொள்வாள். கூடப் பிறந்த தங்கை வந்தபோதும் வெளியே வரவில்லை. நோய் கண்ட உடம்பைக் காட்ட வெட்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரை 'வாங்க' என்று கேட்காவிட்டால் அதைவிட அவமரியாதை கிடையாது. அந்த ஒரு சொல் வராமல்தான் ஓடியிருக்கிறாள்.

படத்திலிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு உஷாராணி என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி" என்றாள், அதட்டலாக.

அந்தத் துணிக்குள் நடித்த மனுசன் யாரோ, எந்த ஊர்த் தாய் பெற்ற பிள்ளையோ. செத்து எத்தனையோ வருசம் ஆகியிருக்கும்.

சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து டிவி முன்னால் வைத்து, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.