பூவா, நட்சத்திரமா?

"தொங்கட்டான் வேண்டவே வேண்டாம்மா. தலை வாரும்போது சீப்பு மாட்டினா போதும், காது கிழிஞ்சிடும்" என்றாள், அந்த நகைக்கடையில் இருபது வருடமாக நிற்கும் விற்பனைக்காரி.

எதிரே உட்கார்ந்திருந்தவளின் மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பூங்காவில் விளையாடப் போய் ஒரு காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டு வந்திருந்தது. அவள் கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா. வேற என்ன பார்க்கணும்?"

"கொக்கி வச்சது ஆகாது. இழுத்து இழுத்து அதுங்களே கழட்டிடும். திருகாணி வச்சதா எடு. அந்தத் திருகாணியும் பின்னால தட்டையா இருக்கணும். கூரா இருந்தா ஒருக்களிச்சுப் படுக்கறப்ப குத்தும். அப்புறம், இதைப் பாரு…"

விற்பனைக்காரி ஒரு துளிப் பஞ்சை எடுத்துத் தோட்டின் மேல் தேய்த்துக் காட்டினாள். "பஞ்சு ஒட்டுச்சுன்னா ஓரத்தைச் சரியா மழுக்கலைன்னு அர்த்தம். எவ்வளவு அழகா இருந்தாலும் எடுக்காதே."

அதையும் எழுதினாள்.

"என்னம்மா, பரீட்சை எழுதப் போறியா?"

"எழுதி வச்சா நல்லதுதானேக்கா" என்று சிரித்தாள்.

"முதல் குழந்தையா?"

"ஆமாக்கா."

"அதான் பார்த்தேன்! நானும் மூத்தவ தும்மினாலே ஆஸ்பத்திரிக்கு ஓடினவதான். இளையவ மண்ணைத் தின்னப்பகூட, தின்னு முடிச்சுட்டு வாடின்னு விட்டுட்டேன்."

அப்போது பக்கத்தில் யாரோ ஒருத்தி கல் வைத்த வளையலைப் போட்டுப் பார்க்க, குழந்தை கையை நீட்டியது. "எனக்கு அது!"

இல்லை என்றதும் உதடு பிதுங்கியது. அடுத்த நொடி, கடையே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது. விற்பனைக்காரி மிட்டாய் டப்பாவைத் தேடினாள். நோட்டுக்காரி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். குழந்தையை இறக்கி நிறுத்தி, தானும் தரையில் முட்டி போட்டு, அதன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அழுகை மூச்சு வாங்க நிற்கும்வரை காத்திருந்தாள்.

"குட்டி, உன் காதுக்குப் பூ வேணுமா, நட்சத்திரம் வேணுமா?"

விசும்பலுக்கு நடுவே பெரிய யோசனை.

"பூ… அம்மா."

"சரி, பூவேதான்."

"அடேயப்பா!" என்றாள் விற்பனைக்காரி. "இங்க வர்ற அம்மாக்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. உனக்கு எதுக்கும்மா நோட்டு?"

அவள் மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். விற்பனைக்காரி எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே எட்டிப் படித்தாள்.

'ரெண்டு காட்டினால் போதும். மூணு காட்டினால் குழம்பிவிடுவாள்.'

அதற்கு மேலே, 'கடைக்குக் கிளம்பும் முன் சாப்பாடு. பொம்மை கேட்டு அழுதால் பசி என்று அர்த்தம்.'

அதற்கும் மேலே, 'லிஃப்ட் பயம். படியில் போனால் எண்ணிக்கொண்டே வருவாள். ஏழுக்கு அப்புறம் பத்து என்பாள். திருத்த வேண்டாம்.'

விற்பனைக்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதேம்மா… உனக்கு உடம்புக்கு ஏதாவது…?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்பாடா! ஒரு நிமிஷத்துல என்னென்னவோ நினைச்சுட்டேன். என் புத்தியைச் சொல்லணும்."

நிம்மதியாகப் பூத்தோடுகளைத் தட்டில் வரிசையாக வைத்தாள். "இதுல கொஞ்சம் பெருசா எடுத்துக்க. அடுத்த வருஷமும் போடலாம்."

அவள் பெரிய தோடுகளை ஒதுக்கி வைத்தாள். "இப்ப அளவா இருக்கறதே போதும்க்கா."

ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பஞ்சால் தேய்த்துப் பார்த்து, குழந்தையின் காதில் தானே மாட்டினாள். திருகாணியை முடுக்கி முடித்த பிறகும் அந்தச் சின்னக் காதிலிருந்து விரலை எடுக்க மனம் வராதவளைப் போல நின்றாள். குழந்தைதான் பொறுமை இழந்து நழுவி, சுவர்க் கண்ணாடிக்கு ஓடியது. இப்படித் திரும்பி ஒரு சிரிப்பு, அப்படித் திரும்பி ஒரு சிரிப்பு.

விற்பனைக்காரி உத்தரவாத அட்டையை எடுத்தாள். "திருகாணி தேஞ்சு போனா இதைக் கொண்டு வா, சும்மாவே மாத்தித் தருவோம். யார் பேர்ல போட?"

"அவ அம்மா பேர்ல."

"சொல்லு."

அவள் நாலாக மடித்த ஓர் அரசாங்கக் கடிதத்தை எடுத்து விரித்து, அதிலிருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சொன்னாள்.

"சொந்தப் பேரைக்கூடப் பார்த்துப் படிக்கணுமா?" விற்பனைக்காரிக்குச் சிரிப்பு வந்தது.

"என் பேர் இல்லக்கா. இவளைப் பெத்தவங்க பேர். பிரசவத்துல படுத்தவங்க, இப்பதான் எழுந்து நடமாடறாங்க. அதுவரைக்கும் வளர்த்துக் குடுங்கன்னு, பதினெட்டு நாள் சிசுவா குழந்தைகள் நல ஆபீஸ்ல என் கையில குடுத்தாங்க. நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போறாங்க."

விற்பனைக்காரியின் பேனா பாதி எழுத்தில் நின்றது.

"அம்மா, போலாம்!" குழந்தை ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"ஒரு வாரமா 'அத்தை'ன்னு கூப்பிடச் சொல்லிக் குடுக்கறேன்க்கா" என்றாள் அவள், அதன் தலையைத் தடவியபடி. "இன்னும் வாய்ல வரவே மாட்டேங்குது."