ஒரு பருக்கையும் வீணாகாது

பல்கலைக்கழக விடுதியில் அறை அறையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி, அந்தக் கருவியை மெஸ்ஸுக்குக் கொண்டுவந்தவள் ரெக்ஸிலின்தான். யார் சாப்பிடுவார்கள், யார் சாப்பிடமாட்டார்கள் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். அதன்படிதான் அடுப்பு மூட்டுவார்கள். எச்சில் தொட்டி காய்ந்து கிடந்தது. பசுமை விருதும் வந்தது. போன மாதம் இறந்துபோன மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு அன்று காலை இட்லி வேகவில்லை என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

இன்று கருவியின் கணக்கில் ரெக்ஸிலினின் அறைத்தோழி சுமையாவுக்கு இட்லி இல்லை.

"அந்தப் புள்ள ஊருக்குப் போகுதாம்மா?" என்று கேட்டார் மெஸ் மாஸ்டர் பாலையா.

"இல்லண்ணே. மேல தூங்கிட்டிருக்கா."

பாலையா கரண்டியைக் கீழே வைத்தார்.

ரெக்ஸிலின் தன் தட்டோடு மாடிக்கு ஓடினாள். சுமையாவை எழுப்பி உட்காரவைத்து, தன் இட்லிகளைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள்.

"உனக்கு என்னடி ஆச்சு?" என்று சிரித்தபடியே கடைசி விள்ளல்வரை தின்று தீர்த்தாள் சுமையா.

ரெக்ஸிலினுக்கு உயிர் திரும்பி வந்தது. காலித் தட்டோடு கீழே இறங்கினாள்.

"சாப்ட்டுட்டாண்ணே."

"அப்ப நீ சாப்பிடல," என்றார் பாலையா. "உங்க ரூமுக்கு ஒரு ஆளுக்குத்தான் சொல்லிச்சு. ஒரு ஆள் சாப்ட்டாச்சு. அது கணக்கு தப்பல."

"மத்தியானத்துக்கு?"

பாலையா கருவியின் திரையைப் பார்த்தார். அளந்து வைத்திருந்த அரிசியிலிருந்து அந்த அறையின் இரண்டு பேருடையதையும் எடுத்து மூட்டையிலேயே திரும்பக் கொட்டினார்.